குறுவையில் வி-சி-மேக்ஸ் புள்ளிக்குப் புள்ளி மாறுகிறது, மார்கழியில் வளைகோடு மேலே ஏறவே இல்லை – எங்கே பிழை?

அரசலாறு (கேள்வி)

வணக்கம். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு நடவு வயல். குறுவையில் ஏடிடி 43 ரகம், அதே வயலில் பிறகு சம்பா சிஆர் 1009. இரண்டிலும் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டி வரும் கடைசி இலை), பூப்பதற்குச் சற்று முன், ஒளிச்சேர்க்கை அளக்கும் வாயுக் கருவியில் ஏ–சி-ஐ வளைகோடு எடுக்கப்பட்டது. (ஏ என்பது நிகர ஒளிச்சேர்க்கை, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நொடிக்கு மைக்ரோமோல். சி-ஐ என்பது இலைக்குள்ளே இருக்கும் கரியமில வாயு, ஒரு மோல் காற்றுக்கு மைக்ரோமோல்.)

குறுவை, ஆகஸ்ட், காலை 10 மணி, ஒளி 1500 மைக்ரோமோல், இலை வெப்பம் 35 டிகிரி:

சி-ஐ 100 – ஏ 2.5
சி-ஐ 200 – ஏ 15.0
சி-ஐ 280 – ஏ 24.0
சி-ஐ 400 – ஏ 32.1
சி-ஐ 600 – ஏ 37.9
சி-ஐ 900 – ஏ 42.4
சி-ஐ 1200 – ஏ 44.9

ஆர்-டி (வெளிச்சத்தில் இலையின் சுவாசம்) 1.5 என்று வைத்து, எல்லாரும் புழங்கும் எக்செல் தாளில் போட்டால், முதல் மூன்று புள்ளிகளுக்கு வி-சி-மேக்ஸ் (கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியின் உச்ச வேகம்) முறையே 56, 95, 106 என்று வருகிறது. ஒரே இலை, ஒரே நொதி, 25 நிமிட இடைவெளி. மூன்று மதிப்பு எப்படி? தாளில் இருக்கும் மாறிலிகள்: காமா ஸ்டார் (ஒளிச்சுவாசத்தை ஈடுகட்டத் தேவையான சி-ஐ) 42.75, ரூபிஸ்கோவின் மாறிலிகளான கே-சி (கரியமில வாயுவுக்கு) 404.9, கே-ஓ (ஆக்சிஜனுக்கு) 278.4, ஆக்சிஜன் 210. கடைசி இரண்டும் மில்லிமோலில்.

இரண்டாவது, மார்கழி முதல் வாரம், காலை எட்டரை, ஒளி 1500, இலை வெப்பம் 24 டிகிரி. கீழ்ப்பகுதி ஒழுங்காக வருகிறது. மேலே சி-ஐ 700-இல் ஏ 28.0, 900-இல் 27.9, 1200-இல் 27.6. ஏற வேண்டிய இடத்தில் இறங்குகிறது. இலையை மூடும் பெட்டியின் கேஸ்கட்டில் லீக் என்று ஒருவர் சொல்கிறார், மணிச்சத்துப் பற்றாக்குறை, டிஏபி போடுங்கள் என்று இன்னொருவர். இலையின் பரப்பு 3.6 சதுர செ.மீ., காற்றோட்டம் நொடிக்கு 500 மைக்ரோமோல்.

---

வெண்ணாறு

முதல் கேள்விக்கு விடை நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது. கருவி சரி, இலையும் சரி. தாள்தான் 25 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறது, இலை 35-இல் வேலை செய்கிறது.

நீங்கள் போட்ட 42.75, 404.9, 278.4 மூன்றும் பெர்னாக்கி குழு 2001-இல் புகையிலையில் அளந்து தந்தவை, 25 டிகிரிக்கு உரியவை. அந்தக் கட்டுரையின் பயனே மாறிலிகள் வெப்பத்தோடு எப்படி நகர்கின்றன என்பதைச் சொன்னதில்தான் இருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். குளிர் நாட்டில் 23 டிகிரி அறையில் அளப்பவருக்கு இது தெரியாமலே ஓடிவிடும், ஆடி வெயிலில் ஓடாது.

பெருக்க வேண்டிய காரணி இது:

எக்ஸ்ப் (e-இன் அடுக்கு) [ கிளர்வு ஆற்றல் × (இலை வெப்பம் − 298.15) ÷ (298.15 × 8.314 × இலை வெப்பம்) ]

இலை வெப்பம் கெல்வினில், கிளர்வு ஆற்றல் ஜூலில். காமா ஸ்டாருக்கு 37830, கே-சி 79430, கே-ஓ 36380, வி-சி-மேக்ஸ் 65330. 35 டிகிரிக்கு, அதாவது 308.15 கெல்வினுக்கு, காரணிகள் வரிசையாக 1.64, 2.83, 1.61, 2.35.

ஆகவே உங்கள் இலையில் அன்று காமா ஸ்டார் 70, கே-சி 1145, கே-ஓ 448. இரண்டையும் சேர்த்த கே-எம் என்பது கே-சி × (1 + 210 ÷ கே-ஓ). 25 டிகிரியில் அது 710, 35-இல் 1682. இரு மடங்குக்கும் மேல்!

இப்போது வி-சி-மேக்ஸ் = (ஏ + ஆர்-டி) × (சி-ஐ + கே-எம்) ÷ (சி-ஐ − காமா ஸ்டார்). போட்டுப் பாருங்கள்:

சி-ஐ 280: 25.5 × 1962 ÷ 209.8 = 238
சி-ஐ 200: 16.5 × 1882 ÷ 129.8 = 239
சி-ஐ 100: 4.0 × 1782 ÷ 29.8 = 239

மூன்றும் ஒன்று. இது 35 டிகிரி மதிப்பு. ஒப்பிடுவதற்காக 25-க்குக் கொண்டுவர 2.35-ஆல் வகுத்தால் 101 சொச்சம்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 280-இல் தவறான தாள் தந்த 106-க்கும் சரியான 101-க்கும் பெரிய தூரமில்லை. அதனால்தான் ஒற்றைப் புள்ளியை மட்டும் வைத்து வி-சி-மேக்ஸ் எடுப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படுவதே இல்லை. தற்செயலாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான். 100-இல் 56 என்று விழுவதற்குக் காரணம் காமா ஸ்டார். 35 டிகிரியில் ஒளிச்சுவாசத்தை ஈடுகட்டவே 70 மைக்ரோமோல் போய்விடுகிறது. மிச்சம் 30-தான் இலைக்கு. தாளோ 57 மிச்சம் என்று நினைத்து, இவ்வளவு கொடுத்தும் இவ்வளவுதான் பிடித்தாயா என்று நொதியைக் குறை சொல்கிறது.

வெயில் ஏற ஏற ஏன் இப்படி? கரியமில வாயு நீரில் கரைவது ஆக்சிஜனைவிட வேகமாகக் குறைகிறது, போதாததற்கு ரூபிஸ்கோவும் இரண்டையும் பிரித்தறியும் திறனில் தளர்கிறது. ஒரு வினைத்தளம் நொடிக்கு மூன்று மூலக்கூறு அளவில்தான் பிடிக்கும் மந்தமான நொதி, அதிலும் ஆள் மாற்றிப் பிடிப்பது கூடுகிறது. கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இந்தத் தொல்லை அடங்கி நிற்பது, கரியமில வாயுவைச் செறிவாக்கி ரூபிஸ்கோவுக்கு ஊட்டும் அமைப்பு அங்கே இருப்பதால்.

மேல்பகுதிக்கும் ஒரு வார்த்தை. 400 முதல் 1200 வரை உள்ள உங்கள் நான்கு புள்ளிகளும் ஜே (ஒளியால் நடக்கும் எலக்ட்ரான் ஓட்டம்) 220 என்ற ஒரே மதிப்பில் அழகாக உட்காருகின்றன. வாய்பாடு: ஏ = ஜே × (சி-ஐ − காமா ஸ்டார்) ÷ (4 × சி-ஐ + 8 × காமா ஸ்டார்) − ஆர்-டி. ரூபிஸ்கோ எல்லையும் இந்த எல்லையும் வெட்டிக்கொள்ளும் இடம் சி-ஐ 320 வாக்கில். வயல் காற்றில் உங்கள் இலை இருக்கும் இடம் 280. அதாவது ஆகஸ்ட் வெயிலில் அந்த இலையைப் பிடித்து வைத்திருப்பது ரூபிஸ்கோ, ஆனால் நூலிழையில்.

35-க்கு மேல் இந்தக் காரணிகளை நம்பி வெகுதூரம் போகாதீர்கள். ரூபிஸ்கோவைத் திறந்துவைக்கும் ஆக்டிவேஸ் நொதி வெப்பத்துக்குப் பொறுக்காது. அது தளர்ந்தால் வாய்பாடு ஏறச் சொல்லும் இடத்தில் இலை இறங்கும்.

---

மடைத்தலை

வெண்ணாறு சொன்னதற்கு மேல் முதல் கேள்வியில் சேர்க்க ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு வருகிறேன், ஏனென்றால் லீக் என்று சொன்னவர் திசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

பெட்டிக்குள் கரியமில வாயு 1500, வெளியே 400 வாக்கில். லீக் இருந்தால் வாயு வெளியேதான் போகும். உள்ளே குறைந்ததை எல்லாம் இலை தின்றதாகக் கருவி கணக்கெழுதும். எனவே லீக், உயர் செறிவில் ஏ-வை ஏற்றிக் காட்டும், இறக்காது. 50, 100 வைக்கும்போது நேர் எதிர்: வெளிக்காற்று உள்ளே வந்து ஏ-வை அமுக்கிக் காட்டும். உங்கள் மார்கழி வளைகோடு மேலே படுத்துக்கிடக்கிறது என்றால், லீக் இருந்தும்கூடப் படுத்துக்கிடக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அந்த இறக்கத்தை நானும் நம்பமாட்டேன். கணக்கு இதோ. 28 × 3.6 ÷ 10000 = 0.0101 மைக்ரோமோல், இதுதான் நொடிக்கு இலை எடுப்பது. காற்றோட்டம் 500. வகுத்தால், இலைக்கு முன்னும் பின்னும் வாயுவை அளக்கும் இரு அளவிகளுக்கும் இடையே வரும் வேறுபாடு 20 பிபிஎம். ஆக 1 பிபிஎம் பிசகினாலே ஏ-வில் 5 சதம் பிசகும். 28.0-க்கும் 27.6-க்கும் உள்ள இடைவெளி வெறும் 0.3 பிபிஎம். 1200-இல் அதை எந்தக் கருவியும் உறுதியாகச் சொல்லாது.

நம்பக்கூடியது வேறு: ஏறாமல் நின்றது. ஜே எல்லையில் இருந்தால் 700-இலிருந்து 1200-க்குப் போகும்போது 7, 8 சதம் ஏற வேண்டும். அது 1.5 பிபிஎம், அளவிகளைச் சமன்செய்துவிட்டு அளந்திருந்தால் தப்பாது. இரு அளவிகளையும் சமன்செய்யும் மேட்ச் பொத்தானை ஒவ்வொரு செறிவு மாற்றத்துக்கும் அழுத்தினீர்களா, காலையில் ஒருமுறை மட்டுமா? ஒருமுறை மட்டும் என்றால் இந்த விவாதத்தை இங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்ப அளப்பது நல்லது. செறிவு அதிகமாக அதிகமாக இரு அளவிகளும் விலகும்.

சமன் செய்திருந்தால், அது டி-பி-யு (ட்ரையோஸ் பாஸ்பேட் பயன்பாடு) எல்லை. ஃபார்க்கர், ஃபான் கெமரர், பெர்ரி மூவரும் 1980-இல் எழுதிய மூல மாதிரியில் இரண்டு எல்லைகள்தான்; இந்த மூன்றாவதை 1985-இல் ஷார்க்கி சேர்த்தார். பசுங்கணிகம் செய்த ட்ரையோஸ் பாஸ்பேட்டை சுக்ரோஸாகவோ ஸ்டார்ச்சாகவோ மாற்றினால்தான் அதில் சிக்கிய பாஸ்பேட் விடுபட்டு ஏடிபி செய்யத் திரும்பும். மாற்றும் வேகம் போதாவிட்டால், கரியமில வாயுவைக் கூட்டியும் பயனில்லை. களத்தில் நெல் குவிந்து, சாக்கு திரும்பி வராமல் தூற்றுவது நின்றுபோவதுபோல. ஏ = 3 × டி-பி-யு − ஆர்-டி. ஆர்-டி 1 என்றால் உங்களுடையது 29 ÷ 3, சுமார் 9.7.

மார்கழியில் மட்டும் ஏன் என்றால், சுக்ரோஸ் செய்யும் வேகம் குளிரில் சடாரென்று விழும். 24 டிகிரியில் தலைகாட்டும் எல்லை, 35-இல் அதே இலையில் காணாமல் போகும். உங்கள் ஆகஸ்ட் வளைகோடு 1200 வரை ஏறியதே சாட்சி.

உறுதிப்படுத்த இரண்டு வழி. ஒளிர்வு அளக்கும் தலை இருந்தால், 700-க்கு மேல் போகும்போது இரண்டாம் ஒளித்தொகுதியின் விளைதிறனை (உறிஞ்சிய ஒளியில் எலக்ட்ரான் ஓட்டத்துக்குப் போகும் பங்கு) பாருங்கள். ஜே எல்லையில் அது ஏறக்குறைய நிலையாக நிற்கும், டி-பி-யு எல்லையில் செறிவு கூடக் கூடக் குறையும். அல்லது நைட்ரஜன் சிலிண்டர் கலந்து ஆக்சிஜனை 21-இலிருந்து 2 சதத்துக்கு இறக்குங்கள். மற்ற இரு எல்லைகளில் ஏ துள்ளி ஏறும், இதில் அசையாது. ஆக்சிஜனை மாற்றினால் கருவியின் அமைப்பிலும் அந்த எண்ணை மாற்ற வேண்டும், மறந்தால் அளவியின் திருத்தமே தப்பாகிவிடும்.

டிஏபி பற்றி: இங்கே பேசுவது செல்லுக்குள் சுழலும் பாஸ்பேட். மண்ணில் மணிச்சத்து போதுமானதாக இருந்தால் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் இந்த எல்லை நகராது. அதைவிட, வயல் காற்றில் சி-ஐ 280-இல் உங்கள் இலை 28-ஐத் தொடவே தொடாது. இந்த எல்லை பெட்டிக்குள் மட்டும் தெரிகிற ஒன்று. பொருத்தும்போது செய்ய வேண்டியது, 700-உம் அதற்கு மேலும் உள்ள புள்ளிகளை ஜே கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. எடுக்காவிட்டால் ஜே குறைத்து மதிப்பிடப்படும், சம்பா ரகத்துக்கு எலக்ட்ரான் ஓட்டமே கம்மி என்று ஒரு பொய்யை எழுதிவைப்பீர்கள்.

அளக்கும் முறையில் பொதுவாக நெல்லில் தப்புகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன், மறுபடி அளக்கப் போகிறீர்கள் என்றால்.

இலைப் பரப்பு. 2 × 3 செ.மீ. பெட்டியில் 1.2 செ.மீ. அகல இலையை நீளவாக்கில் வைத்தால் பரப்பு 3.6. நீங்கள் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். 6 என்றே விட்டுவைப்பவர்கள் நிறைய. எல்லா ஏ-வும் 40 சதம் குறைந்துவிடும். இதில் ஏமாற்று என்னவென்றால் நீராவிப்போக்கும் அதே விகிதத்தில் குறைவதால் சி-ஐ அநேகமாக மாறாது, வளைகோட்டின் வடிவம் கெடாது, தப்பு தெரியாது. நெல் இலை நுனிக்குப் போகப் போகச் சிறுக்கும். கேஸ்கட்டின் இரு விளிம்பிலும் ஸ்கேல் வைத்து அளந்து சராசரி போடுங்கள். இரண்டு இலைகளைப் பக்கம் பக்கமாக வைக்கலாம், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது.

நடு நரம்பு. கண்ணாடி இலையின் நடு நரம்பு அடிப்புறம் புடைத்திருக்கும். கேஸ்கட் அதன் இருபுறமும் முழுசாகப் படியாது, மயிரிழை இடைவெளி நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணுக்கே தெரியும். பழைய, அமுங்கிப்போன ஃபோம் என்றால் இன்னும் மோசம். நரம்பு கேஸ்கட்டைக் கடக்கும் இடத்தில் இரு பக்கமும் துளி கண்ணாடி பதிக்கும் புட்டி வைத்து அழுத்துவது உண்டு. ஒழுகல் எவ்வளவு என்று அறிய, வெந்நீரில் முக்கிக் கொன்று துடைத்து உலர்த்திய இலையை வைத்து அதே வரிசையை ஓட்டுங்கள். அதில் வரும் ஏ முழுக்க லீக்தான், புள்ளிக்குப் புள்ளி கழித்துவிடலாம். தலைக்குப் பக்கத்தில் குனிந்து மூச்சு விடாதீர்கள், வெளிக்காற்று 400-இலிருந்து 600-க்குப் போய்விடும்.

வெப்பம். டெல்டாவில் 25 டிகிரிக்குப் பெட்டியை இறக்கி அளக்க ஆசைப்படாதீர்கள். 35 டிகிரி, 60 சத ஈரப்பதம் என்றால் பனிநிலை 26. பெட்டியின் உள்சுவரில் நீர் பூத்துவிடும், அதன்பின் நீராவி எண் எல்லாம் குப்பை, அதிலிருந்து வரும் சி-ஐயும் குப்பை. வயல் வெப்பத்திலேயே அளந்து, வெண்ணாறு சொன்ன காரணியால் 25-க்குக் கொண்டுவருவதுதான் முறை. வெப்பமுனை இலையின் அடிப்புறத்தைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு இலைக்கும் பாருங்கள். தொடாமல் காற்றை அளந்தால் 1 டிகிரி பிசகும், காமா ஸ்டார் 5 சதம் நகரும்.

வரிசை. 1500 ஒளியில், 400-இல் குறைந்தது 20 நிமிடம் இலையைப் பழக்குங்கள். பிறகு 400, 300, 200, 100, 50, திரும்ப 400, அங்கே நின்று முதல் 400-ஓடு ஒப்பிடுங்கள், பிறகு 600, 800, 1000, 1200, 1500. 50-இல் ரொம்ப நேரம் நின்றால் ரூபிஸ்கோ செயலிழக்கத் தொடங்கும், திரும்பிய 400-இல் ஏ பழைய இடத்துக்கு வராது. 5 சதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் அந்த இலையை விட்டுவிட்டு வேறு இலை. 11 மணிக்கு மேல் போகாதீர்கள். இலை–காற்று நீராவி அழுத்த வேறுபாடு 2 கிலோபாஸ்கலைத் தாண்டினால் இலைத்துளைகள் இறுகும், அதுவும் இலை முழுக்க ஒரே மாதிரி இறுகாது. பாதி திறந்து பாதி மூடிய இலைக்குக் கருவி கணக்கிடும் சி-ஐ உண்மையில் எங்குமே இல்லாத ஒரு சி-ஐ.

---

குடமுருட்டி

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் தாளிலுள்ள 42.75 / 404.9 / 278.4 தொகுப்பு, சி-ஐ அடிப்படையிலானது. அதே குழு 2002-இல் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் செறிவின் அடிப்படையில் வேறு தொகுப்பு தந்தது: 37.43 / 272.38 / 165.82. இணையத்தில் சுற்றும் தாள்களில் காமா ஸ்டார் ஒன்றிலிருந்தும் கே-சி இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கலந்திருப்பதைப் பார்க்கலாம். கலக்கக் கூடாது. இலையிடைத் திசுவின் கடத்துதிறனை (இலைக்குள்ளிருந்து பசுங்கணிகம்வரை வாயு எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதை) நீங்கள் அளக்காதவரை முதல் தொகுப்போடு இருங்கள், கிடைப்பதைத் தோற்ற வி-சி-மேக்ஸ் என்று எழுதுங்கள். நெல்லின் செல்கள் மடிப்பு மடிப்பாக இருக்கும், பசுங்கணிகம் செல்சுவரை ஏறக்குறைய முழுசாக மூடியிருக்கும், அதனால் உள்தடை குறைவுதான், இல்லாமல் இல்லை.

ஆர்-டியும் அப்படியே. 1.5-க்குப் பதில் 2.0 போட்டால் சி-ஐ 280-இல் வி-சி-மேக்ஸ் 2 சதம்தான் மாறும், 100-இல் 12 சதம் மாறும். அடிப்புள்ளிகள் ஆர்-டிக்கு அவ்வளவு கூச்சப்படும். இருட்டில் அளந்த சுவாசத்தை அப்படியே போடாதீர்கள், வெளிச்சத்தில் சுவாசம் அதைவிடக் குறைவு.

---

கடைமடை

ஐயா, வயக்காட்டுக்காரங்க கேக்குறது வேற. இந்த எல்லைக் கணக்கெல்லாம் யூரியா மூட்டைக்கு என்ன சொல்லுது? நான் விரிவாக்கப் பக்கம். மேலே சொன்ன வாய்பாட்டை வச்சே ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், அதுக்கு அப்புறம் இலை வண்ண அட்டைக்கு (இலையோட பச்சையை ஒப்பிட்டுப் பாக்குற அட்டை) வர்றேன்.

25 டிகிரி, சி-ஐ 280, வி-சி-மேக்ஸ் 100, ஜே-யோட உச்சம் 170னு வச்சுக்குங்க. நல்ல வெயில், ஒளி 1500. ரூபிஸ்கோ எல்லை 24, ஜே எல்லை 24.7. ரெண்டும் தோளோட தோள். கார்த்திகை மூட்டம், ஒளி 400. ரூபிஸ்கோ எல்லை அதே 24தான், ஜே எல்லை 16-க்கு எறங்கிடுது. (எல்லாம் ஆர்-டி கழிக்காம. ஒளி உறிஞ்சுறது, வளைவு எண் எல்லாம் வழக்கமா போடுற 0.85-உம் 0.7-உம்.)

இப்ப தழைச்சத்து கூடுதலா போட்டு ரெண்டையும் 20 சதம் ஏத்துறோம்: 120, 204. வெயில்ல 24 இருந்தது 28.7 ஆகுது, போட்ட 20-க்கு 20 வந்துடுச்சு. மூட்டத்துல 16.3 இருந்தது 17.5. வெறும் 7 சதம். மீதி ரூபிஸ்கோ சும்மா உக்காந்திருக்கு. நெல் இலையில இருக்கிற தழைச்சத்துல கால் பங்குக்கு மேல இந்த ஒரு நொதியிலதான் கிடக்குது, அதனால இது சின்ன வீண் இல்ல. கரும்பச்சையா, மெத்துனு இருக்கிற அந்த இலைக்குத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் முதல்ல வருது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில பக்கத்து வயல் கருகருன்னு இருக்கேன்னு பாத்து யூரியா வீசுறது இதனாலதான் கட்டுப்படியாகல.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் இதே திசையிலதான் இருக்கு. இலை வண்ண அட்டையில பத்து எடத்துல ஆறு எடம் வரம்புக்குக் கீழ வந்தா ஒரு தடவைக்கு எக்டருக்கு, வறண்ட பருவத்துல 35 கிலோ தழைச்சத்து, ஈரப் பருவத்துல 30. ஏக்கருக்கு யூரியாவா மாத்தினா 31 கிலோ, 26 கிலோ. நம்ம மா கணக்குல (மூணு மா ஒரு ஏக்கர்) மாவுக்குப் பத்து கிலோ, ஒம்பது கிலோனு வச்சுக்கலாம்.

அட்டை பாக்குறதுல நடக்குற தப்பு ஒண்ணு ரெண்டு இல்ல. நட்ட 14-ஆம் நாள்லருந்து, நேரடி விதைப்புன்னா 21-ஆம் நாள்லருந்து, பூக்கும் வரைக்கும் வாரம் ஒருக்கா. காலைல எட்டுலருந்து பத்துக்குள்ள. மேலருந்து மூணாவதா முழுசா விரிஞ்ச இலை. வெயில் அட்டை மேல நேரா விழக்கூடாது, முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்னு ஒடம்பு நெழல்ல பாக்கணும், இல்லன்னா ஒரு எண் வெளுத்துத் தெரியும். பனி ஈரத்தோட பாக்காதீங்க, தொடச்சுட்டுப் பாருங்க. இலையைப் பறிக்கவும் வேணாம். பத்து எடத்துல பாத்து, ஆறு எடத்துல வரம்புக்குக் கீழ இருந்தாத்தான் யூரியா. வரம்பு வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த ரகத்துக்கும் வீரிய ஒட்டுக்கும் 4. வெள்ளைப் பொன்னிக்கு 4னு வச்சு யூரியா போட்டா கதிர் வந்ததும் படுத்துடும், அதுக்கப்புறம் எந்த எல்லையும் பேச வேண்டியதில்ல.

கடைமடைப் பக்கம், வேதாரண்யம் வழி உப்பு ஏறுன வயல்ல கதை வேற. அங்க முதல்ல மூடுறது இலைத்துளை. சி-ஐ 280 இருக்க வேண்டியது 200-க்குப் போயிடும். அந்த இலையில வி-சி-மேக்ஸ் கொறையாமலே ஏ மட்டும் கொறஞ்சிருக்கும், வெளிறலுக்கு யூரியான்னு போட்டா பயன் இல்ல.

---

அரசலாறு

எல்லாருக்கும் நன்றி. தாளில் வெப்பக் காரணியைச் சேர்த்துக் குறுவையின் மற்ற ஐந்து இலைகளையும் ஓட்டியதில், ஒவ்வோர் இலையிலும் மூன்று அடிப்புள்ளிகளும் 4 சதத்துக்குள் ஒத்துப்போகின்றன. ஓர் இலையில் மட்டும் 100-இல் 15 சதம் குறைவு. குறிப்பேட்டைப் பார்த்தால் அந்த இலைக்கு வெப்பமுனை எண் 33.1, பெட்டியின் காற்று எண்ணும் 33.1. முனை இலையைத் தொடவில்லை போல.

மார்கழிக் கோப்பில் மேட்ச் ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவாகியிருக்கிறது. ஒளிர்வுத் தலையும் இருந்தது: விளைதிறன் 700-இல் 0.31, 900-இல் 0.29, 1200-இல் 0.27. டி-பி-யு என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, சம்பாவையும் குறுவையையும் 25 டிகிரியில் ஒப்பிடும்போது ஜே-க்கும் அதே கிளர்வு ஆற்றலைப் போட்டுவிடலாமா?

---

வெண்ணாறு

எடுத்துக்கொள்ளலாம். ஏ நிற்கும்போது விளைதிறன் இறங்குவது வேறு எதற்கும் அவ்வளவு லேசில் வராது.

ஜே-க்கு 65330 போடாதீர்கள். அது ரூபிஸ்கோவுடையது. எலக்ட்ரான் ஓட்டம் வெப்பத்தோடு அவ்வளவு செங்குத்தாக ஏறாது, ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கவும் செய்யும். அதற்கு உச்சமுள்ள வேறு வாய்பாடு வேண்டும். அதோடு, நீங்கள் 1500 ஒளியில் எடுத்த 220 என்பது அந்த ஒளியில் ஓடிய ஜே, ஜே-யின் உச்சம் இல்லை. ஒளி–வளைவுச் சமன்பாட்டில் போட்டு உச்சத்தைப் பிரித்தெடுத்த பிறகுதான் 25-க்கு மாற்ற வேண்டும்.

அந்த 33.1 இலையை விட்டுவிடுங்கள். உண்மையான இலை வெப்பம் தெரியாமல் திருத்த வழியில்லை. அடுத்த குறுவைக்கு வெப்பமுனையைச் சற்று மேல்நோக்கி வளைத்து வையுங்கள். பெட்டியை மூடும்போது இலை அதைக் கீழே அமுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், அப்போதுதான் தொடர்பு நிற்கும்.